குதிரைத் திடலில் இறங்கிய ஏரோப்பிளேன்

என் வாப்பா கதை கட்டுகிறவர்கள் அல்ல. கடைக் கணக்கில் ஒரு சல்லி இடித்தாலும் ராத்திரி தூங்கமாட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் சொன்ன ஒரே ஒரு செய்தியை மட்டும் பிள்ளைகள் நாங்கள் எல்லோரும் சேர்ந்து கப்சா என்று முடிவு கட்டி வைத்திருந்தோம்.

“கொழும்புல குதிரை ஓடுற திடல்லேருந்து ஏரோப்பிளேன் ஏறுச்சு. நான் என் கண்ணால பாத்தேன்” என்பார்கள். அவ்வளவுதான், ராத்தாவுக்குச் சிரிப்பு தாங்காது. சின்னத் தம்பி குதிரை மாதிரி கனைத்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றி ஓடுவான். அடுத்த சுற்றில் இரண்டு கையையும் விரித்து ஏரோப்பிளேன் ஆகிவிடுவான். வாப்பா கோபப்படமாட்டார்கள். வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டு பேச்சை மாற்றிவிடுவார்கள்.

அது உண்மை என்று எனக்குத் தெரியவந்தபோது வாப்பா மவுத்தாகி எட்டு வருடம் ஆகியிருந்தது. இன்று அந்தத் திடலில் விமானமும் இல்லை, குதிரையும் இல்லை. அது என்ன திடல், அங்கே என்ன நடந்தது என்பதை, எனக்குத் தெரிந்த அளவில் எழுதி வைக்கிறேன்.

கொழும்புக்கும் நம்ம ஊருக்கும் உள்ள உறவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அப்போது வீட்டுக்கு ஒரு ஆள் அங்கே இருந்தது. தூத்துக்குடியில் கப்பல் ஏறிப் போனவர்கள் உண்டு. 1914க்குப் பிறகு ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு என்று போனவர்கள் அதைவிட அதிகம். வாப்பா 1938இல், பதினெட்டு வயதில், இந்த ரயில் வழியில்தான் போனார்கள். புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் மாமா முறையான ஒருவருக்கு ஜவுளிக் கடை இருந்தது. அங்கே வேலை.

கடையில் உட்கார்ந்து விற்பது மூத்தவர்கள். இளவட்டமான வாப்பாவுக்கு வெளி வேலை. துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு கறுவாத்தோட்டத்துப் பங்களாக்களுக்குப் போய்க் காட்டி விற்க வேண்டும். மாதக் கடைசியில் அதே வீடுகளுக்குப் போய் வசூல் செய்து வர வேண்டும். பொரளைக்குப் போகும் டிராமில் பாதி வழி, அப்புறம் நடை. அந்த நடையில்தான் குதிரைப் பந்தயத் திடல் குறுக்கே வரும்.

அந்தத் திடல் இலங்கைக் குதிரைப் பந்தயக் கழகத்துக்கு உரியது. காலிமுகத் திடலில் நடந்துவந்த பந்தயம் 1893இல் கறுவாத்தோட்டத்துக்கு மாறியது. நீள்வட்டமான பெரிய புல்வெளி, சுற்றிலும் வெள்ளைக் கம்பி வேலி, ஒரு பக்கம் துரைமார்கள் உட்காரும் பெரிய பார்வையாளர் மாடம். பந்தய நாளில் தொப்பியும் குடையுமாகக் கூட்டம் இருக்கும். மற்ற நாளில் புல் வெட்டுகிறவர்களும் குதிரைக்காரர்களும்தான். வாப்பா வேலிக்கு வெளியே மூட்டையை இறக்கி வைத்து இளைப்பாறுகிற இடம் அது.

இனி யுத்தத்துக்கு வருகிறேன். 1941 டிசம்பரில் ஜப்பான் போரில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8இல் ரங்கூன், மார்ச் 23இல் அந்தமான். அடுத்தது இலங்கைதான் என்று கடைத் தெருவில் பிச்சைக்காரர்கூடச் சொன்னாராம். கொழும்புத் துறைமுகம் போனால் இந்துமாக் கடலே போனது மாதிரி. இங்கிலாந்துக்காரர்களின் கப்பற்படைக்கு அப்போது கிழக்கே மிச்சமிருந்த முக்கியமான துறைமுகங்களில் அதுவும் ஒன்று.

ஆனால் கொழும்புக்கு அப்போது இருந்த விமான நிலையம் ரத்மலானை ஒன்றுதான். 1935 நவம்பரில் சென்னையிலிருந்து வந்த ஒரு சிறு விமானம்தான் அங்கே முதலில் இறங்கியது. 1938இல் டாட்டா கம்பெனியின் தபால் விமானம் திருச்சி வழியாக அங்கே போக ஆரம்பித்தது. தபால் துறையில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவன் என்பதால் இந்த ஒரு விஷயம் எனக்கு முன்பே தெரியும். யுத்தம் வந்ததும் ரத்மலானை ராணுவத்தின் கைக்குப் போனது. எதிரிக்கும் அந்த இடம் தெரியும். எல்லா விமானத்தையும் அங்கேயே நிறுத்தி வைத்தால் ஒரே வீச்சில் எல்லாம் போய்விடும். இரண்டாவதாக ஓர் இடம் வேண்டும். அதுவும் சில வாரங்களில் வேண்டும். காட்டை வெட்டி, மேட்டைச் சமன் செய்து, தண்ணீர் வடிய வழி செய்து ஓடுதளம் போட நேரமில்லை.

நகரத்துக்குள்ளேயே சமதளமாக, தண்ணீர் தேங்காமல், புல் பராமரித்து வைத்த ஒரு திடல் ஐம்பது வருடமாகத் தயாராக இருந்தது. குதிரைகளை வெளியேற்றினார்கள். 1942 மார்ச்சில் அங்கே ஹரிக்கேன் என்ற சண்டை விமானங்கள் வந்துவிட்டன. பிரிட்டிஷ் விமானப்படையின் 258ஆம் அணி. சிங்கப்பூரிலும் சுமத்ராவிலும் ஜாவாவிலும் அடிபட்டு, தப்பி வந்து, மறுபடி கூட்டிச் சேர்த்த அணி அது. விமானிகள் பல நாட்டுப் பிள்ளைகள்.

வாப்பா சொன்னது இதுதான். ஒரு நாள் போனபோது வேலிப் பக்கம் லாரியும் சிப்பாயுமாக இருந்தது. அடுத்த முறை போனபோது மரத்தடிகளில் ஏரோப்பிளேன்கள், மேலே இலைதழை போட்டு மூடியபடி நின்றன. சிப்பாய் ஒருவன் “போ, போ” என்று விரட்டினான். மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டே எண்ணினார்களாம். “பன்னெண்டுக்கு மேல ஈந்துச்சு. முழுசா எண்ண விடல.”

கடைக்கு வந்து சொன்னபோது முதலாளி கதவைச் சாத்திவிட்டு, “இதை யாருட்டயும் சொல்லாதே, உள்ளே தூக்கிப் போட்டுருவான்” என்றாராம். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட செய்தி பத்திரிகையில் வராது. கடிதத்தில் எழுதினால் தணிக்கைக்காரன் அடித்துவிடுவான். கறுவாத்தோட்டத்துச் சமையல்காரர், தோட்டக்காரர், பால்காரர் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம், ஆனால் ஜப்பான்காரனுக்கு மட்டும் தெரியாது. அவன் கணக்கில் கொழும்புக்கு ரத்மலானை ஒன்றுதான்.

ஏப்ரல் 4, சனிக்கிழமை. காலிக்குப் பக்கத்தில் உள்ள கொக்கலையிலிருந்து நீர்மேல் இறங்கும் கடல் விமானம் ஒன்று ரோந்து போனது. ஓட்டியவர் கனடா நாட்டு விமானப்படையின் லியோனார்ட் பர்ச்சல். மாலை நேரத்தில் தென்கிழக்கே வெகு தூரத்தில் ஜப்பானியக் கப்பற்படை வருவதைப் பார்த்துக் கம்பியில்லாத் தந்தி கொடுத்தார். கொடுத்துக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்திவிட்டார்கள். உயிர் பிழைத்துக் கைதியாகி, போர் முடிந்து ஊர் திரும்பி, 2004 வரை வாழ்ந்தார். இலங்கையைக் காத்தவர் என்று இன்றும் அவரைச் சொல்வார்கள்.

மறுநாள் ஏப்ரல் 5, கிறிஸ்தவர்களின் ஈஸ்டர் ஞாயிறு. நகுமோ என்ற தளபதியின் கீழ் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள். அவற்றிலிருந்து சுமார் 125 விமானங்கள் கிளம்பிக் காலை ஏழரை மணிக்கு மேல் கொழும்பு வானத்துக்கு வந்துவிட்டன. முதல் நாளே செய்தி கிடைத்திருந்தும், காலையில் வரும் நேரம் பற்றி ரத்மலானைக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. எதிரி தலைக்கு மேல் வந்த பிறகுதான் அங்கிருந்தவர்கள் ஓடிப்போய் விமானம் ஏறினார்கள். துறைமுகத்தில் டெனிடோஸ், ஹெக்டர் என்ற இரண்டு கப்பல்கள் மூழ்கின. அங்கொடை மனநல ஆஸ்பத்திரி மேலும் குண்டு விழுந்தது. திருகோணமலைப் பக்கமிருந்து அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்த ஆறு பழைய இரட்டை இறக்கை விமானங்களும் ஒன்று விடாமல் வீழ்ந்தன.

வாப்பா அப்போது கடைக்கு மேல்மாடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தார்களாம். “நம்ம ஏரோப்பிளேன்தான் பயிற்சி பண்ணுதுன்னு நெனச்சு மொட்டைமாடிக்குப் போயிப் பாத்துக்கிட்டு நின்னோம். துறைமுகத்துப் பக்கம் கரும்புகை எழும்பின பொறகுதான் வெளங்குச்சு.” அப்போது கறுவாத்தோட்டத்துப் பக்கமிருந்து ஒன்றன்பின் ஒன்றாக விமானங்கள் எழும்புவதையும் பார்த்தார்கள். எங்கிருந்து எழும்புகின்றன என்பது அந்த மாடியில் நின்றவர்களில் வாப்பாவுக்கும் முதலாளிக்கும்தான் தெரியும்.

திங்கட்கிழமை கொழும்பே மூட்டை கட்டியது. துறைமுகத் தொழிலாளிகள் ஊரைப் பார்த்து ஓடினார்கள். பங்களாக்காரர்கள் கண்டிப் பக்கம் ஓடினார்கள். முதலாளிக்கு ஒரே கவலை, வசூல். “இன்னைக்கு விட்டா அவ்வளவுதான்” என்று வாப்பாவைக் கறுவாத்தோட்டத்துக்கு அனுப்பினார். டிராம் இல்லை, முழு வழியும் நடை. பாதி வீடு பூட்டிக் கிடந்தது. திரும்பும்போது திடல் வழியாக வந்தார்கள். அன்றைக்கு விரட்ட ஆளில்லை. நின்று, நிதானமாக எண்ணினார்கள். “அஞ்சுதான் ஈந்துச்சு.”

அந்த வாரமே வாப்பா ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். தலைமன்னார் ரயிலில் மூன்றாம் வகுப்பில் நிற்க இடமில்லாமல், கப்பலில் உட்கார இடமில்லாமல், திருநெல்வேலி வந்து, திருச்செந்தூர் ரயிலில் நம்ம ஸ்டேஷனில் இறங்கியபோது கையில் இருந்தது ஒரு தகரப் பெட்டியும் வசூல் புத்தகமும்தான். ஊரிலும் நிம்மதி இல்லை. ஏப்ரல் 6இல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்திருந்தது. சென்னையில் அரசாங்கமே ஜனங்களை வெளியேறச் சொன்னது. தூத்துக்குடியில் எப்போது விழும் என்று கடற்கரை ஊர்கள் எல்லாம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தன. நல்லவேளை, விழவில்லை. இரண்டு வருடம் கழித்து வாப்பா மறுபடி கொழும்பு போனார்கள். கடை இருந்தது, பழைய வியாபாரம் இல்லை.

இப்போது என் தவறுக்கு வருகிறேன்.

1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் தனுஷ்கோடி போனது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வாரம் எங்கள் வீட்டுத் திண்ணையில் பழைய கொழும்புக்காரர்கள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். தாங்கள் எத்தனையோ முறை போய்வந்த வழி இனி இல்லை என்ற துக்கம். பழைய கதைகள் ஒவ்வொன்றாக வந்தன. வாப்பா குதிரைத் திடல் கதையைச் சொன்னார்கள். நான் ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் பொது அறிவுக்குப் பரிசு வாங்கிய திமிர் வேறு. கதவோரம் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, “இல்லை வாப்பா, கொழும்பு ஏரோடிராம் ரத்மலானை. குதிரை ஓடுற இடத்துல ஏரோப்பிளேன் இறங்க முடியாது. புத்தகத்துல போட்டிருக்கு” என்றேன்.

திண்ணையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வாப்பாவும் சிரித்தார்கள். “நம்ம காயல் துறையில ஆயிரக்கணக்குல அரபுக் குதிரை வந்து இறங்குச்சுன்னு எழுதியிருந்தா நம்புறே. கொழும்புக் குதிரைத் திடல்ல ஏரோப்பிளேன் இறங்குச்சுன்னா நம்பமாட்டே. புத்தகத்துல போடணும், என்ன?” என்றார்கள். எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு, 1983இல் கண் மூடும்வரை, வாப்பா அந்தக் கதையைச் சொல்லவே இல்லை. யாராவது கேட்டால், “அதெல்லாம் பழங்கதை” என்று முடித்துவிடுவார்கள். நான்தான் காரணம் என்பது எனக்கு ரொம்ப நாள் உறைக்கவில்லை.

1991இல் சென்னைக்கு மாற்றல். ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்தில் உட்காருவேன். இரண்டாம் உலகப்போர் பற்றிய ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தில் கொழும்பு என்ற பெயரைப் பார்த்துவிட்டுப் படித்தேன். கொழும்பு குதிரைப் பந்தயத் திடலில் ஓடுதளம், ஜப்பானியருக்குத் தெரியாத இடம், அங்கிருந்து எழும்பிய ஹரிக்கேன்கள் 14, இழந்தவை 9.

பதினாலில் ஒன்பது போனால் ஐந்து. கணக்கில் ஒரு சல்லி இடித்தாலும் தூங்காத மனிதர் நின்று எண்ணிய ஐந்து. புத்தகத்தில் போட்டிருந்தது. நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அந்தத் திடலால் என்ன பயன் என்று கேட்டால், பெரிதாகச் சொல்லக் கூடாது. ரத்மலானையிலிருந்து எழும்பியவற்றிலும் 8 ஹரிக்கேன்கள் போயின. ஜப்பானியர் அன்று இழந்தது, அவர்கள் கணக்குப்படி, 7 விமானங்கள்தான். இங்கிலாந்துக்காரர்கள் அன்றைக்குச் சொன்ன கணக்கு இதைவிடப் பல மடங்கு. ஜப்பானிய விமானங்கள் வேகமாகத் திரும்பும். ஹரிக்கேன் அவற்றோடு சுற்றிச் சுற்றிச் சண்டை போட முடியாது. அன்று மத்தியானமே நடுக்கடலில் டார்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரண்டு போர்க்கப்பல்களும் மூழ்கி 424 பேர் இறந்தார்கள். நான்கு நாள் கழித்துத் திருகோணமலையும் அடிபட்டது. ஆனால் கொழும்புத் துறைமுகம் அடியோடு அழியவில்லை. துறைமுகத்திலிருந்து கப்பல்களை முன்கூட்டியே அனுப்பிவிட்டதுதான் பெரிய காரணம். அதோடு, எதிரி பார்க்காத ஒரு பந்தயத் திடலிலிருந்து பதினான்கு பேர் எழும்பிப் போனார்கள் என்பதும் சேரும். ஜெயிப்போம் என்று தெரிந்து போனவர்கள் அல்ல.

போர் முடிந்ததும் ராணுவம் திடலை விட்டது. குதிரைகள் திரும்பி வந்தன. பிறகு பந்தயமும் நின்றுபோய், வெகுகாலம் இடம் சும்மா கிடந்தது. நான் மதுரையிலிருந்து விமானம் ஏறிக் கொழும்பு போனது 2015இல். முதல் வேலையாக அங்கேதான் போனேன். பழைய பார்வையாளர் மாடத்தைப் புதுப்பித்துக் கடைகள் வைத்திருக்கிறார்கள். நடுவில் ரக்பி விளையாடும் மைதானம். பக்கத்திலேயே பல்கலைக்கழகம், பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். காவல்காரர் ஒருவரிடம் கேட்டேன். நல்ல மனிதர், தமிழ் பேசினார். “குதிரை ஓடினது தெரியும் ஐயா. ஏரோப்பிளேனா?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமான சிரிப்பு. நான் திடலில் நின்று, “வாப்பா, போட்டிருந்தது” என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

இப்படி வந்து போன ஓடுதளங்கள் நம் பக்கமும் உண்டு. கயத்தாற்றைத் தாண்டிப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அங்கே அதே யுத்தத்தில் போட்ட விமானத் தளம் ஒன்று இருப்பது தெரியும்? கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர் என்று தெரியும்; இது தெரியாது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் கதை தலைகீழ். கொழும்பில் பந்தயத் திடல் விமானத் தளமாயிற்று. சோழவரத்தில் யுத்தகால விமானத் தளம் கார், மோட்டார் சைக்கிள் பந்தயத் திடலாயிற்று. இப்போது அங்கேயும் பந்தயம் இல்லை.

நமக்கு இன்று வாகைக்குளம் இருக்கிறது. 1992இல் சின்ன விமானம் வந்துகொண்டிருந்தபோது ஓடுதளம் 1,350 மீட்டர். இப்போது 3,115 மீட்டர். 2025 ஜூலையில் புது முனையமும் திறந்தாகிவிட்டது. அதன் நீள அகலம், தேதி எல்லாம் எழுதி வைத்தாகிவிட்டது, மறக்காது. எழுதி வைக்காதவைதான் போய்விடுகின்றன. அவை யாரோ ஒரு மூட்டைக்காரரின் ஞாபகத்தில் மட்டும் இருக்கும். வீட்டில் ஒரு பையன் புத்தகத்தைக் காட்டி அவர் வாயை அடைத்துவிட்டால் அதுவும் போச்சு.

உங்கள் வீட்டில் தொண்ணூறு வயதைத் தாண்டிய கொழும்புக்காரர் யாராவது இன்னும் இருந்தால், அவர்கள் சொல்வது எவ்வளவு நம்ப முடியாததாக இருந்தாலும், குறுக்கே பேசாமல் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சரியா தவறா என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம். எண்ணிக்கை எதையாவது சொன்னால் அதை மட்டும் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள்.